ஹால்வர்சன் வீட்டுக் குளிர்ந்த கராஜ்

ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் பச்சைத் தண்ணீர் என்ற ஒன்றே கிடையாது. குழாயில் இரண்டு கைப்பிடி இருக்கும், இரண்டிலும் வெந்நீர்தான் வரும். அதனால் இந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு நன்றி, ஆபீசர். இந்தப் பாலைவன ஊரில், மேசாவில், முப்பத்தோரு வருஷமாக இருக்கிறேன். காவல் நிலையத்துக்குள் இவ்வளவு நல்ல ஏ.சி. வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் போகிற விஷயங்கள் குறைவு.

வக்கீல் வேண்டாம் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்ல ஓர் ஆள் போதும். எங்கள் தெருவில் அந்த ஆள் எப்போதும் நான்தான். யாருடைய மகள் ஏன் திரும்பி வந்தாள், யார் வீட்டுக் குப்பைத் தொட்டி வியாழக்கிழமையும் வாசலில் நிற்கிறது, யார் மருந்துக் கடைக்கு இரண்டு தடவை போனார், எல்லாம் சொல்வேன். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். மற்ற ஊர்களில் இதற்கு வம்பு என்று பெயர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கட்டட விதிகள் குழுத் தலைவி என்று பெயர்.

பக்கத்து வீட்டு ஹால்வர்சன்கள் போன அக்டோபரில், வடக்கே பனி கொட்டுகிற மினசோட்டாவிலிருந்து வந்தார்கள். ஆர்னிக்கு எழுபத்தொரு வயது, வலது தோளில் ஆபரேஷன் செய்த தழும்பு, இதயத்துக்கு மாத்திரை. மாத்திரை விஷயம் அவர் மனைவி மார்லிஸ் சொன்னது. வந்த முதல் வாரமே ஒரு தட்டு நிறைய சதுரம் சதுரமாக ஓட்ஸ் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்து, நின்ற நிலையிலேயே குடும்பத்தின் உடல்நிலை முழுவதையும் ஒப்பித்துவிட்டுப் போனாள். வடக்கத்தி மனுஷிகளுக்கு இப்படி ஒரு வெள்ளை மனசு. மறுநாள் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். முன்முற்றத்துச் சரளைக்கல் விதிப்படியான நிறத்தில் இல்லை என்ற நோட்டீஸை அந்தத் தட்டிலேயே வைத்துக் கொடுத்தேன். தனியாகத் தபாலில் போடுவது வீண் இல்லையா? அதற்குப் பிறகு பலகாரம் வரவில்லை.

ஆர்னியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. மோசமில்ல. சரளைக்கல் நோட்டீஸைப் படித்துவிட்டும் மோசமில்ல, வாசலில் தேள் வந்தாலும் மோசமில்ல. நவம்பரில் அரைக்கால் சட்டையோடு நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்தவர் அவர். குளிருக்குப் பயந்து இங்கே வருகிற மற்றவர்கள் ஏப்ரல் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவர்களுக்கு ஓட இடமில்லை. அங்கே வீட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்கள்.

இனி கராஜ். வீட்டை ஒட்டாமல் பின்பக்கமாகத் தனியே நிற்கும். அதன் பக்கச் சுவருக்கும் என் சமையலறை ஜன்னலுக்கும் எட்டடி. மேற்குப் பார்த்த பெரிய இரும்புக் கதவு. முன்பு இருந்தவர்கள் மே முதல் செப்டம்பர் வரை அதற்குள் காலே வைக்கமாட்டார்கள். மெழுகுவர்த்தியை உள்ளே வைத்தால் சாயங்காலம் அது ரொட்டிக்குத் தடவும் பதத்தில் இருக்கும். ஆர்னி அதைத் தன் பட்டறையாக்கப் போவதாகச் சொன்னார். என்ன பட்டறை தெரியுமா? அவர் ஊரில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு ஈட்டியால் மீன் குத்துவார்களாம். பெரிய மீனுக்கு ஆசை காட்ட மரத்தில் சின்ன மீன் செதுக்கி, வர்ணம் பூசி, நூலில் கட்டி உள்ளே இறக்குவார்களாம். கள்ளிச்செடிக்கு நடுவில் உட்கார்ந்து அந்த மரமீனைச் செதுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

மார்ச்சில் தொடங்கினார். கூரையிலும் சுவரிலும் வெள்ளித்தாள் ஒட்டிய தடித்த நுரைப் பலகை. இடுக்கு கண்ட இடத்திலெல்லாம் நுரையைப் பீய்ச்சினார். இருந்த ஒரு ஜன்னலையும் அடைத்தார். குளிர்தேசத்தான் கட்டடத்தைப் பார்த்தால் முதலில் தேடுவது ஓட்டையைத்தான், ஓட்டையை அடைத்துவிட்டால் உலகமே சரியாகிவிடும் என்று நினைப்பு. பிறகு இரும்புக் கதவின் உள்பக்கத்திலும் நுரைப் பலகை ஒட்டி, அது பார்க்க நன்றாக இல்லை என்று அதன்மேல் கனமான பிளைவுட் அடித்து, அதற்கும் மேல் மூன்று பூச்சு வார்னிஷ். கடைசியில் ஒரு ஏ.சி. மாட்டினார்.

என் கணவர் டெல்பர்ட் இருபத்தாறு வருஷம் கராஜ் கதவு மாட்டிப் பிழைத்தவர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை எங்கள் சாப்பாட்டு மேசையில் பேச்சு என்றால் ஸ்பிரிங்தான். கதவு எவ்வளவு கனமோ அவ்வளவு இழுவை ஸ்பிரிங்கில் இருக்க வேண்டும். கதவின் கனத்தைக் கூட்டிவிட்டு ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டால், மோட்டார் அழுதுகொண்டே எப்படியோ தூக்கும். மின்சாரம் நின்றதும் வேஷம் கலைந்துவிடும். மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றிவிடுகிற சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்தக் கனத்தை இரண்டு தடியன்களால்கூடத் தூக்க முடியாது.

ஆர்னி ஸ்பிரிங்கை மாற்றவில்லை. கதவு ஏறும்போது மோட்டார் முனகுவது என் சமையலறைக்குக் கேட்கும். முதல் நாள் முதல் முனகலிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. அவர் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு எதிரே இருக்கிற பக்கச் சுவரில் அவர் ஒரு சின்னக் கதவு வெட்டியிருந்தார். அதைத்தான் மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அந்தக் கதவு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே, ரோடா. இல்லாட்டி உள்ள போக வர ஒரே வழிதான்."

"வரைபடத்துல அந்தக் கதவு இல்லையே, ஆர்னி."

"வரைபடம் போட்டவன் உள்ள உக்காரப் போறதில்லையேம்மா. திடீர்னு கரண்ட் போச்சுன்னா?"

"இங்கெல்லாம் கரண்ட் போகாது. இது மினசோட்டா இல்ல."

தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "சரி. அதுவும் மோசமில்ல," என்றார். அந்த வாரமே கதவை எடுத்து, உள்ளே நுரைப் பலகையும் வெளியே சாந்தும் பூசி, அப்படி ஒரு கதவு இருந்த சுவடே இல்லாமல் செய்துவிட்டார். நல்ல வேலைக்காரர், அதை மறுக்கமாட்டேன்.

மே மாதம் பிறந்தது. வெளியே நூற்றுப் பத்து டிகிரி, அந்தக் கராஜுக்குள் எழுபத்தெட்டு. விஷயம் தெருவில் பரவியது. வழக்கமாக விஷயத்தைப் பரப்புவது நான். இது என்னைக் கேட்காமலேயே பரவியது. எதிர்வீட்டு கான்சுவேலோ பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். இருபது வருஷமாக மதியம் மூன்று மணிக்கு என் சமையலறையில் காபி குடித்தவள். மே இரண்டாம் வாரம் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே மூன்றாம் வீட்டு டுவைட். கூரை வேலை செய்து முதுகைத் தொலைத்துவிட்டு, மகன் வீட்டில் மருமகளுக்குப் பயந்து வாழ்கிற மனுஷன். தினமும் மூன்று மணிக்குக் கதவு முனகிக்கொண்டு ஏறும். உள்ளே போவார்கள். குளிர்ச்சி போய்விடக் கூடாது என்று உடனே கதவு இறங்கும். நூற்றுப் பதினைந்து டிகிரியில் சுடச்சுடக் காபி குடிக்க இப்படி ஒரு கூட்டம்.

டுவைட் ஒருநாள் வெளியே வரும்போது சொன்னான்: "உள்ள போயிட்டா போன் செத்துருதுப்பா. அத்தனை வெள்ளித்தாளு. மருமக கூப்பிட்டு கூப்பிட்டு ஓய்ஞ்சுபோவா. சொர்க்கம்யா அது."

நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. ஆனால் ஜூன் மாதம் ஒரு நாள் டுவைட் தாமதமாக வந்தான், கதவு பாதி ஏறி நின்றது, என் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. கான்சுவேலோவின் குரல் கேட்டது.

"ரோடாவையும் ஒரு நாள் கூப்பிடலாமா? பாவம், தனியாக் கெடக்குறா."

"தாராளமா கூப்பிடலாம்," என்றார் ஆர்னி. "அப்புறம் நாம எதைப் பத்திப் பேசறது?"

சிரித்தார்கள். கான்சுவேலோதான் அதிகமாகச் சிரித்தாள். பேருந்து ஓட்டினவளின் சிரிப்பு, தெருமுனை வரை போகும். கதவு இறங்கியது. நான் ஜன்னலை மூடிவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவப் போனேன். எனக்கு இதிலெல்லாம் வருத்தம் கிடையாது. ஏ.சி.யின் இரைச்சலைப் பற்றி அன்று மாலையே ஒரு புகார் எழுதினேன், அவ்வளவுதான். குழு அதை ஏற்கவில்லை. குழுவில் டுவைட்டும் இருக்கிறான்.

ஜூலை பதினாறுக்கு வருகிறேன். மார்லிஸ் தங்கையைப் பார்க்க ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தாள். அன்று நூற்றுப் பதினேழு டிகிரி என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆர்னி மரக்கடைக்குப் போய்விட்டுப் பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தார். வந்ததும் அவர் செய்கிற ஒரு முட்டாள்தனம் உண்டு. வெயிலில் ஓடிக் கொதித்துக்கொண்டிருக்கிற டிரக்கை நேராகக் கராஜுக்குள் விட்டு, கதவையும் உடனே இறக்கிக்கொண்டு உள்ளேயே வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகூட அப்படிச் செய்யாது. வண்டியின் சூடு அடங்கும்வரை வெளியேதான் நிறுத்துவோம். அவர் ஊரிலோ டிரக் உறையாமல் இருக்க உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அறுபது வருஷப் பழக்கம். உறைவதற்கு இங்கே என்ன இருக்கிறது? ஏ.சி. ஓடுகிறவரை இதெல்லாம் தெரியாது. ஏ.சி. நின்றுவிட்டால் அந்த எஞ்சினின் சூடு எங்கே போகும்? போக அவர் ஓர் ஓட்டையும் விட்டுவைக்கவில்லை.

கதவு இறங்கிய பிறகு ஐந்து நிமிஷம் பொறுத்தேன். இங்கே வீட்டு மின்பெட்டி வெளிச்சுவரில்தான் இருக்கும், நீங்களும் இதே ஊர்தானே. பூட்டு கிடையாது. மினசோட்டாக்காரர்கள் எதையும் பூட்டமாட்டார்கள். 'கராஜ்' என்று ஆர்னியே பென்சிலால் அழகாக எழுதி ஒட்டியிருந்தார். அந்த ஒரு சுவிட்சைக் கீழே தள்ளினேன். இரும்பு சுட்டது, அதனால் அடுப்படிக் கையுறை போட்டுக்கொண்டேன். கைரேகைக்காக என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு.

வேர்க்கட்டும் என்றுதான் செய்தேன். மூன்று மணிக்கு வருகிற கூட்டம் வேர்த்து விறுவிறுத்து, அவரவர் வீட்டைப் பார்த்துப் போகட்டும். அதற்கு மேல் ஓர் எண்ணமும் இல்லை.

மாலை ஆறு பத்துக்குச் சுவிட்சைத் திரும்ப மேலே தள்ளினேன். அடுத்தவர் வீட்டுச் சாமானை இருந்தபடி விட்டுவிட வேண்டும். மின்சாரக் கம்பெனி மீட்டர்க்காரர்கள் இந்த இரண்டு நேரத்தையும் நிமிஷ சுத்தமாகச் சொல்லிவிட்டார்களே, அதைப் பார்த்துக் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது. தெருவில் எனக்கு மட்டும்தான் அந்தத் திறமை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மார்லிஸ் ஊரிலிருந்து கான்சுவேலோவுக்குப் போன் செய்து, ஆர்னி எடுக்கவில்லை, கொஞ்சம் பார் என்றாளாம். கான்சுவேலோ கராஜுக்கு வெளியே இருந்த பொத்தானை அழுத்தினாள். மோட்டார் சும்மா சுற்றியது, கதவு அசையவில்லை. உள்ளே ஆர்னி சிவப்புக் கயிற்றை இழுத்திருந்தார் அல்லவா. டுவைட்டும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஜாக்கி வைத்துக் கதவை நெம்பினார்கள். கதவுக்கு உள்பக்கமாக, வேலைக் கையுறை போட்டபடி கிடந்தார். சாவுக்குக் காரணம் சூடும் இதயமும் என்று டாக்டர் இரண்டையும் எழுதினார்.

அன்று தெருவே என் வாசலில் நின்றது. எப்போது வந்தார், எந்தச் சட்டை போட்டிருந்தார், டிரக்கில் என்ன கொண்டுவந்தார் என்று என்னைத்தானே கேட்க வேண்டும்? மதியம் மூன்று மணிக்கு கான்சுவேலோ என் சமையலறைக்கு வந்தாள், பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தாள். மே மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல மதியம் அதுதான் என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

பாதிக் காபியில் அவள் நிமிர்ந்தாள். "ஆமா ரோடா, மார்லிஸ் ஊர்லதானே இருக்கா? அப்ப ஏர்போர்ட்னு உனக்கு யாரு சொன்னது?"

நான் காபி ஊற்றினேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். இருபது வருஷ சிநேகிதம் அரைக் கோப்பைக் காபிகூடத் தாங்கவில்லை.

சரி, அதையும் சொல்லிவிடுகிறேன், போன் பட்டியலைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே. அன்று காலை பத்து மணிக்குக் கான்சுவேலோவுக்குப் போன் செய்தேன். ஆர்னி மத்தியானம் ஏர்போர்ட் போறார், மார்லிஸ் முன்கூட்டியே வர்றா, இன்னிக்குக் காபி கிடையாது என்றேன்.

"நேத்து ஒண்ணுமே சொல்லலையே அவரு?" என்றாள்.

"எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

"உனக்குத் தெரிஞ்சா அது நடந்த மாதிரிதான்," என்று சிரித்தாள். டுவைட்டிடமும் அதையேதான் சொன்னேன். அவன் மறு கேள்விகூடக் கேட்கவில்லை. என் செய்தி இதுவரை தப்பியதில்லை.

சுவிட்சைத் தள்ளியது அதற்கு ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து. வேர்ப்பதற்கு ஆளே வரப்போவதில்லை என்று தெரிந்துதான் தள்ளினேனா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அப்படி வரிசையாக அடுக்கினால் அப்படித்தான் வருகிறது.

டிரக்கால் கதவை முட்டி உடைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். மினசோட்டாக்காரர்களைத் தெரியாமல் கேட்கிறீர்கள். மூன்று பூச்சு வார்னிஷ் அடித்த கதவை ஆர்னி உடைப்பாரா? அதுவும் மூன்று மணிக்கு இரண்டு பேர் எப்படியும் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று தெரிந்திருக்கும்போது? அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இருட்டில் உட்கார்ந்து காத்திருந்திருப்பார். மூன்று மணி வரை ஒரு சத்தமும் வரவில்லை. நான் ஜன்னலருகில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும்.

மூன்று ஐந்துக்குத் தட்ட ஆரம்பித்தார். முதலில் விரல் முட்டியால், விருந்தாளி மாதிரி. அப்புறம் டிரக்கின் ஹார்ன், நாலு தடவை. நுரைப் பலகை பாதியைத் தின்றுவிட்டது, ஜூலையில் யார் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? பிறகு பெரிய கதவைத் தூக்கப் பார்த்தார். அந்த முக்கல் கேட்டது. ஒரு சாண்கூட ஏறியிருக்காது. நாலு மணிக்குச் சுத்தியலோடு பக்கச் சுவருக்கு வந்தார். அவரே அடைத்த அந்தக் கதவு இருந்த இடம். அதற்கு நேரே என் ஜன்னல், எட்டடி. நாலைந்து அடிதான் விழுந்தது. கை ஓய்ந்துவிட்டது போல.

அப்புறம் கூப்பிட்டார். வேறு யாரையும் இல்லை, என்னை. "ரோடா" என்றார். "ரோடா, இருக்கியாம்மா?" ரொம்ப மரியாதையாக, அவசரமே இல்லாத மாதிரி. நாலே கால் முதல் நாலே முக்கால் வரை, ஒன்பது தடவை.

நான் எழுந்திருக்கவில்லை, ஆபீசர். மே மாதத்திலிருந்து நாள் தவறாமல் மூன்று மணிக்கு அந்தக் கதவு ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இவ்வளவு தாமதமாக அழைத்தால் மானமுள்ள எந்த மனுஷி போவாள்?